சம்பளம் வரவில்லை என்று ஒருவர் எழுதும்போது

தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களான எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்புக்குப் பஞ்சமே இல்லை. ஃபேகல்டி வேகன்சி குரூப், பி.எச்டி. ஸ்காலர் குரூப், பழைய கல்லூரியில் கூட வேலை பார்த்தவர்கள் குரூப், எப்போதோ வேல்யூவேஷன் கேம்ப் போனபோது ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற குரூப். காலையில் வணக்கம் படம், மதியம் ஏதாவது கான்ஃபரன்ஸ் பிரவுச்சர், சாயங்காலம் "சி.எஸ்.இ.க்கு ஏ.பி. தேவை" என்று ஒரு விளம்பரம், கம்ப்யூட்டர் துறைக்கு உதவிப் பேராசிரியர் வேண்டுமாம். இதற்கு நடுவில் எப்போதாவது, பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், ஒரு செய்தி வந்து விழும். "சார், எங்க காலேஜ்ல மூணு மாசமா சம்பளம் இல்ல. வேற இடத்துல ஆஃபர் வந்திருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட் தர மாட்டேங்கிறாங்க. என்ன பண்றதுன்னு தெரியல."

அதற்கு அடுத்து என்ன நடக்கும் என்பதும் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இருநூறு பேர் படித்திருப்பார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போடுவார். ஒருவர் "பொறுமையா இருங்க சார், எல்லாம் சரியாகும்" என்பார். இன்னொருவர் "எங்க காலேஜ்ல அஞ்சு மாசம் சார்" என்பார். காலையில் யாரோ எஃப்டிபி (ஆசிரியர் பயிற்சி) லிங்க் ஒன்றைப் போட, அந்தச் செய்தி மேலே போய்விடும். எழுதியவர் அதற்கப்புறம் அந்தக் குரூப்பில் வாயே திறக்கமாட்டார். சில சமயம் "திஸ் மெசேஜ் வாஸ் டெலிட்டட்" என்று மட்டும் மிச்சம் இருக்கும்.

நான் பல வருஷமாகத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் டிரிபிள் இ (எலக்ட்ரிகல்) பாடம் எடுக்கிறவள். இந்தத் துறையில் எங்களை வாட்டுகிற விஷயங்களில் பாதிக்கு மேல் ஒருத்தரோடு ஒருத்தர் ஒழுங்காகப் பேசிக்கொண்டாலே தெளிவாகக்கூடியவை என்று நம்புகிறேன். தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. தெளிவாகும். எது சட்டப்படி நமக்கு வரவேண்டியது, எது நிர்வாகத்தின் மிரட்டல், எது உண்மையிலேயே நிர்வாகத்தின் கையில் இல்லாதது என்ற மூன்றும் பிரியும். ஆனால் அந்தப் பேச்சு நடக்குமா நடக்காதா என்பதை, ஒருவர் முதல்முறை வாய் திறக்கும்போது அவருக்கு வருகிற முதல் ரெண்டு மூணு பதில்தான் முடிவு செய்கிறது. ஏனென்றால் அந்தப் பதில்களை அவர் மட்டும் படிப்பதில்லை, அதே நிலைமையில் இருந்துகொண்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற இன்னும் பத்துப் பேரும் படிக்கிறார்கள்.

நாம் ஏன் பேசுவதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. துறை சின்னது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியை விட்டு நாமக்கல்லில் இன்டர்வியூவுக்குப் போனால், அந்தப் பிரின்சிபால் இந்தப் பிரின்சிபாலுக்கு ஒரு ஃபோன் போட்டு "ஆள் எப்படி?" என்று கேட்டுவிடுவார். "கொஞ்சம் கேள்வி கேக்கிற ஆளு" என்ற ஒரு பதில் போதும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் இருந்த பொறியியல் கல்லூரிகள் இன்று நானூற்றுச் சொச்சம்தான். 2018-ல் ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு, ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15-லிருந்து 1:20-ஆக மாற்றியது. கேட்கச் சின்ன மாற்றம்போல இருக்கும். 1,200 மாணவர் இருக்கிற கல்லூரியில் அதுவரை 80 பேர் தேவைப்பட்டார்கள், அதற்கப்புறம் 60 பேர் போதும். மீதி இருபது பேர் என்ன ஆவார்கள் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அந்த வருஷம் ஏப்ரல் மே மாதங்களில் ஸ்டாஃப் ரூமில் யாரும் யாரோடும் முகம் பார்த்துப் பேசவில்லை, பக்கத்து சீட்டில் இருப்பவர் போனால் நாம் தப்பிப்போம் என்ற கணக்கு எல்லார் மனதிலும் ஓடியது. அந்தப் பயம் இன்றைக்கும் முழுசாக விலகவில்லை.

பயத்தைவிடப் பெரியது கூச்சம். ஊரில் நாம் "புரொபசர்". கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் எம்.இ., பி.எச்டி. போடுகிறார்கள். தெருவில் பிள்ளைகளுக்கு எந்த குரூப் எடுக்கலாம் என்று நம்மிடம்தான் வந்து கேட்கிறார்கள். அந்த ஆள் போய் "எனக்குச் சம்பளம் வரல" என்று எப்படிச் சொல்வார்? வீட்டில்கூடச் சொல்லாமல், நகையை வைத்து மாசாமாசம் அக்கவுண்டில் பணம் போட்டு, சம்பளம் வந்ததாகக் காட்டிக்கொண்டவரை எனக்குத் தெரியும்.

அட்மிஷன் கேன்வாஸிங், அதாவது கல்லூரிக்கு நாமே மாணவர்களைப் பிடித்துக் கொடுப்பது பற்றியும் அப்படித்தான், யாரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மேம், இரண்டு பிள்ளைகளின் அம்மா, பிளஸ் டூ கடைசிப் பரீட்சை அன்று ஒரு அரசுப் பள்ளி கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் பிரவுச்சர் கட்டோடு நின்றிருக்கிறார். ஆளுக்கு ஐந்து அட்மிஷன் டார்கெட். பெல் அடித்து மாணவர்கள் வெளியே வருவதற்கு முன்னாலேயே நான்கு கல்லூரி ஆட்கள் கேட்டை மறித்துக்கொண்டார்கள். தள்ளுமுள்ளு. அந்த நேரத்தில் பைக்கில் வந்து நின்றவன் அவரிடம் நெட்வொர்க் தியரி படித்த பழைய மாணவன், தம்பியைக் கூட்டிப் போக வந்தவன். "மேம், நீங்களா?" என்றானாம். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். அன்று இரவு அவர் எனக்கு ஃபோன் செய்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பாடம் எடுக்க எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்வேன், இதைச் செய்யச் சொல்லும்போதுதான் நான் யார் என்றே தெரியவில்லை என்றார். குரூப்பில் இதை எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பல மாதம் கழித்து வேறொருவர் தன் கேன்வாஸிங் அனுபவத்தைக் குரூப்பில் எழுதியபோது, இவரும் எழுதினார். அப்புறம் வரிசையாக நிறையப் பேர் எழுதினார்கள்.

மற்ற துறைக்காரர்களுக்கு இருக்கிற சில கதவுகள் நமக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1988-ல் கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர்கள் தொழில்தகராறுச் சட்டத்தின்படி "தொழிலாளர்" ஆகமாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் மில் தொழிலாளி லேபர் கோர்ட்டுக்குப் போகிற அந்தப் பாதையில் ஆசிரியர் போக முடிந்ததில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், சிவில் வழக்குப் போடலாம், ஏஐசிடிஇக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் புகார் அனுப்பலாம். எல்லாம் நீளமான வழி. பணம் வேண்டும், பொறுமை வேண்டும், கூட நிற்க ஆள் வேண்டும். கூட நிற்க ஆள் எங்கிருந்து வருவார்கள்? இந்த மாதிரிப் பேச்சிலிருந்துதான்.

2025 ஆகஸ்டில் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாதம் 30,000 ரூபாய்க்கு அவர்களை வேலை வாங்கியதைக் கடுமையாகச் சாடி, நிரந்தரப் பணியாளரின் அடிப்படை ஊதியத்தைக் கொடுக்கச் சொன்னது. மேடைகளில் குருர் பிரம்மா சுலோகம் சொன்னால் மட்டும் போதாது, ஆசிரியரை நடத்துகிற விதத்திலும் அது தெரியவேண்டும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். அது அரசுக் கல்லூரி வழக்கு, நமக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அந்த 30,000 என்ற எண்ணைப் படித்துவிட்டு எங்கள் குரூப்பில் எத்தனை பேர் "எனக்கு அதுவே வரல" என்று எழுதினார்கள் தெரியுமா. அதுவரை ஒருத்தர் சம்பளம் ஒருத்தருக்குத் தெரியாது.

சரி, நல்ல பதில் எப்படி இருக்கும்? நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேலே எழுதியதுபோன்ற செய்தி ஒன்று எங்கள் குரூப்பில் வந்தது. எழுதியவர் மெக்கானிக்கல் ஏ.பி., கல்யாணமாகி ஒரு குழந்தை. எங்களில் மூத்த மேம் ஒருவர், ஓய்வுபெறப் போகிறவர், குரூப்பில் மூன்றே வரி எழுதினார். "சார், இத எழுதறதுக்கே தைரியம் வேணும். உங்க மேல தப்பு எதுவும் இல்ல. இப்ப ஃபோன் பண்ணலாமா?" அவ்வளவுதான். அதற்குப் பின்னால் கைகூப்பும் படங்கள் வரவில்லை, வேறு நாலு பேர் "நானும் பேசறேன் சார்" என்று எழுதினார்கள்.

ஃபோனில் என்ன பேசினார் என்று பின்னால் அவரிடமே கேட்டேன். முதலில் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். சொல்லவில்லை. அப்புறம் ஒரு இருபது நிமிஷம் அந்த சார் பேசியிருக்கிறார், இவர் குறுக்கிடவே இல்லை. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) என்ன சொன்னார், கரஸ்பாண்டன்ட் (கல்லூரித் தாளாளர்) எப்படி உட்காரக்கூடச் சொல்லாமல் நிற்க வைத்துப் பேசினார், ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் "பைல் சாவி சேர்மன்கிட்ட இருக்கு" என்று சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பியது எல்லாம். அந்தச் சாவிக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டதாம். எம்.இ.யில் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கிய சர்டிபிகேட் அது, அப்பா பிரேம் போட்டு மாட்டவேண்டும் என்று கேட்டபோது இன்டர்வியூவுக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தது, யாரோ ஒருத்தர் மேஜை டிராயருக்குள் கிடக்கிறது.

அதற்கப்புறம்தான் மேம் கேள்வி கேட்டார். சர்டிபிகேட் வாங்கியதற்கு அக்னாலட்ஜ்மென்ட் கொடுத்தார்களா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பீரியட் என்ன போட்டிருக்கிறது, செமஸ்டர் முடியும்வரை என்றா, மூன்று மாதமா? சம்பளம் கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு கிரெடிட் ஆனது, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறதா? சர்டிபிகேட் கேட்டு எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா, இல்லை எல்லாம் வாய்வார்த்தையா? எல்லாம் வாய்வார்த்தைதான். மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுத உதவினார்கள். கோபமே இல்லாத கடிதம், தேதியும் விவரமும் மட்டும். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று ஏஐசிடிஇ சொல்லியிருப்பதைக் கடைசியில் ஒரு வரியில் குறிப்பிட்டார்கள். பதிவுத்தபாலில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சர்டிபிகேட் உடனே வரவில்லை. செமஸ்டர் முடிந்தபின் வந்தது. முதலில் வந்த ஆஃபர் போய்விட்டது, வேறொரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தார்.

இதில் முறை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் காதுகொடுத்துக் கேட்டார், பிறகு நம்பினார், அதற்குப் பிறகே வழி பேசினார். நாம் வாத்தியார்கள், கேள்வி வந்தால் உடனே விடை சொல்லிப் பழக்கம். ஒருவர் முதல் வரி எழுதும்போதே "லீகல் நோட்டீஸ் அனுப்புங்க", "ரிசைன் பண்ணிட்டு வாங்க சார், ஆன்லைன் டியூஷன் எடுக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். வீட்டுக் கடன் எவ்வளவு, அப்பா அம்மாவுக்கு மருந்துச் செலவு எவ்வளவு என்று எதுவும் தெரியாமல் ரிசைன் பண்ணச் சொல்வது உதவி இல்லை. அதேபோல "ப்ரூஃப் இருக்கா சார்?" என்ற கேள்வி. அது கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் பத்தாவதாகக் கேட்கவேண்டியது. முதலில் கேட்டால், நீ பொய் சொல்கிறாயா என்றுதான் காதில் விழும்.

"எங்க காலேஜ்ல இதவிட மோசம்" என்பது இன்னொன்று. சொல்பவர் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், நீங்கள் தனியாக இல்லை என்று சொல்ல வருகிறார். ஆனால் கேட்பவருக்கு, மூன்று மாதத்துக்கே புலம்புகிறாயே என்று ஆகிவிடுகிறது. அதே விஷயத்தை "எனக்கும் இது நடந்தது, நான் அப்போ இப்படிச் செஞ்சேன், இது வேலைக்கு ஆகல, இது ஆச்சு" என்று எழுதினால் நிலைமையே மாறிவிடும். "பாசிட்டிவா இருங்க" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். இ.எம்.ஐ. செக் பவுன்ஸ் ஆனவருக்கு அதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சம்பளத்தை வெளியே பேசுவது பற்றி. ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டி 2019-ல் ஏஐசிடிஇ வெளியிட்ட விதிமுறையில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நம் கல்லூரிகளில் எத்தனை பேர் இந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள்? குஜராத் தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் குரூப்பில் ஒருவர் ஆன்லைனில் எல்லாரும் நிரப்பக்கூடிய ஒரு ஷீட் திறந்தார். பெயர் கிடையாது, கல்லூரி கிடையாது. மாவட்டம், துறை, தகுதி, அனுபவம், கையில் வருவது எவ்வளவு, கடைசியாக எந்த மாதச் சம்பளம் வந்தது. ரெண்டு நாள் ஷீட் காலியாகவே கிடந்தது. திறந்தவர் தன் வரியைத் தானே முதலில் நிரப்பி, நிரப்பியது நான்தான் என்று குரூப்பிலும் சொன்னார், பி.எச்டி., பன்னிரண்டு வருஷ அனுபவம், 31,000. அப்புறம் தடதடவென்று நிரம்பியது. ஒரே மாவட்டத்தில் ஒரே தகுதிக்கு ஒருவருக்கு 22,000, இன்னொருவருக்கு 38,000. பெண்களுக்குக் குறைவாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே மேடம்" என்று இன்கிரிமென்ட் கேட்டபோது சொன்னதை மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள், மூன்று வேறு வேறு ஊர்கள்.

இந்த மாதிரிப் பேச்சில் இன்னொரு லாபமும் உண்டு, யாருக்கோ தெரிந்த ஒன்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) நமக்குக் கிடையாது என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். ஆசிரியர்களையும் சேர்த்து 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு சார் ஒன்பது வருஷம் வேலை பார்த்து வெளியே வந்தவர், கடைசியில் அடிப்படையும் டி.ஏ.யும் சேர்த்து 26,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 15,000, ஒன்பது வருஷத்துக்கு 1,35,000 ரூபாய். குரூப்பில் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, கல்லூரி கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் யாரிடம் மனுக் கொடுக்கவேண்டும் என்று சொன்னபோது அந்த சார் திரும்பத் திரும்பக் கேட்டார், நிஜமாவா சார், நமக்கா சார் என்று. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தே பார்க்காதவர்களும் எத்தனையோ பேர். சம்பளத்தில் பிடித்தது கட்டப்பட்டிருக்கிறதா என்று யு.ஏ.என். (பி.எஃப்.க்கான நிரந்தர எண்) போட்டு ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம், இதை யாராவது ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி ஆபத்தான பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு குரூப்பில் ஒருவர் எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கரஸ்பாண்டன்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை முதல் ஹவர் கிளாஸுக்குப் போகவிடாமல் அவரைக் கூப்பிட்டு, அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து மேஜைமேல் வைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அந்தக் குரூப்பே அதோடு செத்துப்போனது. இப்போதும் இருக்கிறது, வணக்கம் படம் வருகிறது, யாரும் எதுவும் பேசுவதில்லை. நம்பிக்கையை உடைக்க ஒரே ஒரு ஆள் போதும் என்பதால், மனம் திறந்து பேசச் சொல்பவர்களுக்குப் பேசியவரைக் காப்பாற்றுகிற பொறுப்பும் இருக்கிறது. கல்லூரிப் பெயர் எழுதவேண்டாம். கல்லூரி வைஃபையிலும் கல்லூரி கொடுத்த மெயிலிலும் இதெல்லாம் வேண்டாம். மறைந்துபோகும் மெசேஜ் போட்டாலும் படம் எடுப்பதை அது தடுக்காது. பெயரை மறைத்துவிட்டு "எங்க மாவட்டத்துல இந்தத் துறையில பி.எச்டி. முடிச்ச ஒரே லேடி நான்தான்" என்று எழுதினால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. ரொம்ப முக்கியமான விஷயம் என்றால் எல்லாரும் மதிக்கிற இரண்டு பேரிடம் சொல்லி, அவர்கள் விவரத்தை மாற்றிப் போடட்டும். நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், ஆளைத் திட்டவேண்டாம். அவதூறு வழக்கு என்பது வெறும் மிரட்டல் இல்லை, இன்றைக்கும் அது கிரிமினல் சட்டத்தில் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு.

பாலியல் தொல்லை என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டத்தின் 16-வது பிரிவு, புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சி இவர்களின் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது. "யார் மேம் அது?" என்று பொதுவில் கேட்கிறார்கள், ஆர்வக்கோளாறுதான், ஆனால் அந்தக் கேள்வி அவரைக் காலி செய்துவிடும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும், தக்க காரணம் இருந்தால் கல்லூரியின் உள்புகார்க் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இதைத் தனியாக அவருக்குச் சொல்லுங்கள். கமிட்டி முன்னால் போகும் நாளில் வெளியே பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருக்கவேண்டும், அதற்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். குரூப்பில் அலசவேண்டாம்.

எச்.ஓ.டி.கள் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஒருமுறை ஒரு எச்.ஓ.டி. எழுதினார். சேர்மன் கூப்பிட்டு, டிபார்ட்மென்டில் ரெண்டு பேரைக் குறைக்கணும், பெயரை நீங்களே எழுதிக் கொடுங்க என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டியிருக்கிறார். எழுதாவிட்டால் முதல் பெயர் தன்னுடையதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். யாரை எழுதுவது, போன மாதம் குழந்தை பிறந்தவரையா, ஐம்பது வயதாகி வேறு எங்கேயும் வேலை கிடைக்காதவரையா என்று கேட்டிருந்தார். குரூப் அவர்மேல் பாய்ந்துவிட்டது. "நிர்வாகத்தின் கைக்கூலி" என்று ஒருவர் எழுதினார். அவர் அன்றைக்கே குரூப்பை விட்டுப் போய்விட்டார். எனக்கு அது ஆறவே இல்லை. அவர் கேட்டது அனுமதி இல்லை, தாங்கமுடியாமல் கேட்டார். அந்தத் தாள் நீட்டப்படுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளை வெளியே அனுப்பிவிட்டோம். பரிவு என்பது நமக்குப் பிடித்த பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் என்றால் இந்தப் பேச்சு எங்கேயும் போகாது. நிர்வாகத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும் இடம் உண்டு, செமஸ்டர் நடுவில் திடீரென்று ஆள் போனால் பாதிக்கப்படுவது மாணவர்கள்தான். அதற்குச் சர்டிபிகேட்டைப் பூட்டி வைப்பது தீர்வாகாது என்பது வேறு.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும். ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது, 353 பேர், 224 கல்லூரிகள் என்று. ஊரே ஆசிரியர்களைத் திட்டியது. பணம் வாங்கிக்கொண்டு பெயர் கொடுத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் வேலையைவிட்டுப் போன பின்னாலும் தன் சான்றிதழ் நகல் எந்தக் கல்லூரி இன்ஸ்பெக்ஷன் ஃபைலில் இருக்கிறதோ என்று பயந்து தூக்கம் கெட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களால் அந்த வாரம் வாயைத் திறக்கமுடியவில்லை, திறந்தால் நீயும் அதில் ஒருத்தனா என்று கேட்பார்கள். அப்போது எங்கள் குரூப் அட்மின் "யாரையும் குற்றம் சாட்டிக் கேட்கமாட்டோம், சந்தேகம் இருந்தால் தனியாக எழுதுங்கள்" என்று போட்டார். எழுதினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. "இனிமே முடியல", "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கு" என்ற மாதிரி வரி வந்தால், அது ராத்திரி இரண்டு மணியானாலும், குரூப்பில் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஃபோன் பண்ணுங்கள். எடுக்காவிட்டால் அதே ஊரில் இருக்கிற இன்னொருவரை நேரில் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், ஊரும் பேரும் தெரிந்த ஆள் குரூப்பில் யாராவது இருப்பார்கள். தவறாக நினைத்துவிட்டோமோ என்ற தயக்கம் வேண்டவே வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் 104-லும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அனுப்பிவிட்டு நிறுத்திவிடாமல், அவர் பேசி முடிக்கும்வரை கூட இருங்கள்.

மூத்தவர்களிடம், பதினைந்து இருபது வருஷம் சர்வீஸ் ஆனவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் முதலில் எழுதுங்கள். போன வாரம் சேர்ந்த பையனால் முடியாது, அவனுக்கு ரெஃபரன்ஸ் வேண்டும். உங்களைப் பற்றி ஃபோனில் யாரும் விசாரிக்கப் போவதில்லை. உங்கள் முதல் சம்பளம் என்ன, எந்த வருஷம் சம்பளமில்லாமல் ஓட்டினீர்கள், எந்த நிர்வாகத்திடம் எப்படிப் பேசி வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதினால், கீழே இருபது பேர் எழுதுவார்கள்.

அந்தச் சம்பள ஷீட்டில் இந்த செமஸ்டர் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து ரிலீவிங் ஆர்டர் கைக்கு வர எத்தனை நாள் ஆயிற்று, ஒரிஜினல் சர்டிபிகேட் திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று. கல்லூரிப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். வேலையை விட்டு வந்து வேறு தொழிலுக்குப் போய்விட்டவர்களும் நிரப்பலாம், அவர்கள் தகவல்தான் இப்போது எங்களிடம் குறைவாக இருக்கிறது.